கோப்பையை ஒளித்து வைத்தவர்

தைராய்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று இன்று கிளினிக்கில் டாக்டர் திட்டினார். கவுன்சலிங் அறைக்குப் போகச் சொன்னார்.

புருஷன் பெண்டாட்டி சண்டைக்குத்தான் அங்கே கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

"எனக்கு யார்கூடம்மா சண்டை? வீட்டுக்காரரு செத்து நாலு மாசமாச்சு," என்றேன் அங்கிருந்த பெண்ணிடம்.

அவள், "சண்டைக்கு இல்ல லா, அக்கா. உட்காருங்க. முன்னாடி மட்டும் எப்படி மறக்காம சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"மருந்து முழுங்கி அரை மணி நேரம் கழிச்சுத்தான் தேத்தண்ணி குடுப்பாரு. அதுவரைக்கும் என் கோப்பைய ஒளிச்சு வெச்சிடுவாரு."

சொல்லும்போது சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

"காலையில யாராச்சும் ஞாபகப்படுத்தச் சொல்லுங்கக்கா," என்றாள்.

அதனால்தான் நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறேன். நாளைக் காலையில் யாராவது "மருந்து சாப்பிட்டியா" என்று கேளுங்கள். தேத்தண்ணி நானே கலக்கிக்கொள்வேன். கோப்பையை ஒளித்து வைக்கத்தான் ஆளில்லை.