கொட்டகையில் ஒரு மரமுளை

சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்கிக்கொண்டு மலையிறங்கி வந்த ராவுத்தர்தான் செய்தியைச் சொன்னார். புளியஞ்சோலை பங்களா வாசலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்த பிறகு, அங்கே கணக்கு எழுதும் என்னிடம், "ஏனுங்க ரைட்டரே, நம்ம சீரங்கன் போயிட்டாருங்க. முந்தாநாளே எடுத்தாச்சு" என்றார். இழுப்பு முற்றி, மலைமேல் திருப்புலி நாட்டில் தம் ஊரிலேயே அடங்கிவிட்டாராம். சமையல்காரரும் தோட்டக்காரரும் நல்ல மனுசன், நல்ல மனுசன் என்று மாறி மாறிச் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் படித்துக் கண் கலங்குவதற்காக நான் இதை எழுதவில்லை. நடந்தது இன்னதென்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சீரங்கன் பங்களாவின் காவல்காரர், தச்சு வேலையும் தெரிந்தவர். மலையில் சாமை பொய்த்துப்போன ஒரு வருஷம் பிழைப்புத் தேடி இறங்கி வந்தார். ஈரக்காற்று பட்டால் அவருக்கு நெஞ்சு இழுக்கும். மோட்டார் கார் கொட்டகையின் பின்னால் ஓர் அறை சும்மா கிடந்தது. பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரையைக் கேட்காமலே அதன் சாவியை நான் அவரிடம் கொடுத்தேன். நாலு சுவரும் ஒரு கதவும் கிடைத்த பிறகு இரண்டு மழைக்காலம் இழுப்பில்லாமல் தூங்கினார். அன்றைக்கெல்லாம் 'அவன்' என்றுதான் நான் அவரைச் சொல்வேன். இன்று 'அவர்' என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

பிறகு துரைக்குப் படகு ஆசை வந்தது. கப்பலில் வந்து சேர்ந்தது அது. கித்தான் போர்த்திய ஒல்லிப் படகு. ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையும் தட்டையான துடுப்பால் தள்ள வேண்டும். எங்கள் ஓடையிலோ முழங்கால் தண்ணீர்தான். துறையூர் ஏரிக்குக் கொண்டுபோனால்தான் மிதக்கும். படகைப் பின்னறையில் போடச் சொல்லிவிடுவாரோ என்று பயந்த சீரங்கன் முந்திக்கொண்டார். மோட்டாருக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிடலாம் என்று துரையிடம் என்னைச் சொல்ல வைத்தார்.

அதை எப்படிச் செய்தார் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். கயிறு கித்தானை அறுக்குமென்று கட்டில் நாடாவை அகலமாகத் தைத்து அதில் படகை உட்காரவைத்தார். இரண்டு கிணற்றுக் கப்பிகளை மாட்டி, கயிற்றின் மறுமுனையில் மணல் மூட்டையைக் கட்டினார். ஒரே ஆள் படகை இறக்கி ஏற்றலாம். மண்ணெண்ணெய்த் தகரத்தை வட்டமாக வெட்டிக் கயிற்றில் கோத்தார். எதற்கு என்று கேட்டேன். "எலி எப்படி வரும்னு எலியா இருந்து பாக்கோணுங்க" என்றார். துடுப்புக்கும் தண்ணீரில் மிதக்க வைக்கும் தக்கைச் சட்டைக்கும் மழைக்கோட்டுக்குமாகச் சுவரில் ஒன்பது மரமுளைகள் அடித்தார். மிஞ்சிய பலாக்கட்டையில் பத்தாவதாக ஒன்றைச் செதுக்கி, பின்னறைச் சுவரில் தம் சட்டை மாட்ட அடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

துரை விருந்தாளிகளைக் கூட்டிவந்து கப்பியை இழுத்துக் காட்டினார். அவர்கள் கை தட்டினார்கள். இடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதல்லவா, சாமான் வந்து குவிந்தது. தூண்டில்கள், கூடாரம், மடக்கு நாற்காலிகள். எது வந்தாலும் சீரங்கன் அதற்கு ஓர் இண்டு இடுக்கு கண்டுபிடித்தார். ஒரு தடவையாவது இடமில்லை என்று சொல்லித் தொலையேன் என்று நான் எரிந்து விழுந்தேன்.

"இல்லீங்க. நான் எடமில்லீன்னா அவிய எடம் தேடுவாங்க. தேடுனா என்ர கதவு கண்ணுல பட்டுருமுங்க."

இரண்டாவது படகு வந்த அன்று துரை தாமே கொட்டகைக்கு வந்தார். சீரங்கன் ஏணிமேல் நின்று கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். துரை சுற்றுமுற்றும் பார்த்தார். பின்கதவைக் கைத்தடியால் காட்டி, தமக்குத் தெரிந்த தமிழில், "உள்ளே ஆள் இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"யாரும் இல்லை, சார்" என்றேன்.

உத்தரவில்லாமல் ஆளைக் குடிவைத்தவன் என்று என் வேலைக்கே உலை வைத்துவிடுவார் என்ற பயம். வேறு காரணம் எதுவும் கிடையாது. துரை முன்கோபி, ஆனால் மனிதனை வெளியே தள்ளிவிட்டுப் படகை வைக்கிறவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கேட்கவாவது செய்தார். எனக்கு ஆறாதது அதுதான். அவர் கேட்காமலே இருந்திருந்தால் முழுப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

படகை அந்த அறையில் வைக்கச் சொல்லிவிட்டுத் துரை போனார்; ஏணிமேல் இருந்தவர் கப்பிக்கு எண்ணெய் விடுவதைத் தொடர்ந்தார். மறுநாள் அவருடைய பாயும் தகரப் பெட்டியும் கொட்டகைக்கு வெளியே கூரை இறவாரத்துக்கு அடியில் கிடந்தன. அந்த அறையில் இரண்டாவது படகுக்குத் தாங்கு சட்டம் செய்ததும் அவர்தான். படகுக்குக் காற்று வேண்டுமென்று சுவரின் மேற்பக்கம் துளை போட்டார். எறும்பு ஏறாதிருக்கச் சட்டத்தின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார். பார்க்கப் பொறுக்காமல் கத்தினேன். ஓர் ஆணியையாவது கோணலாக அடித்தால் என்ன, உனக்கு ரோஷமே இல்லையா என்று கேட்டேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, "உடுங்க சாமி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். எனக்கு அந்த மன்னிப்பு தேவைப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு வலிக்காது.

ஐப்பசிச் சாரலில் இழுப்பு திரும்பியது. என் வீட்டில் வந்து படு என்று நான் கூப்பிடவில்லை. வீட்டில் சாதி பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டாரைக் கேட்டும் பார்க்கவில்லை. கார்த்திகையில் ஊர்க்காரர் இருவர் தோளில் கைபோட்டுக்கொண்டு அவர் மலையேறிப் போனார். வாரேனுங்க என்று சொல்லித்தான் போனார்.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் இப்போது மோட்டார் நகர்வதில்லை. படகுகள் இரண்டும் சேர்ந்து மூன்று முறை தண்ணீரைப் பார்த்திருந்தால் அதிகம். எலி தொடவில்லை, கறையான் அரிக்கவில்லை, ஒரு பொட்டு ஈரம் படவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். அந்த நேர்த்தியைப் பார்க்கப் பார்க்க எல்லாவற்றையும் கோடரியால் பிளந்துபோடலாமா என்று இருக்கிறது.

ராவுத்தர் கிளம்பிப்போன பிறகு கொட்டகைக்குப் போனேன். பின்னறைச் சுவரில் பத்தாவது முளை அப்படியே இருந்தது, துரையின் தொப்பி ஒன்று அதில் தொங்கியது. தொப்பியைத் தரையில் வைத்துவிட்டு முளையைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ஆனால் பங்களாச் சாமான் பட்டியலில் அதையும் சேர்த்து 'மரமுளை பத்து' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. வருஷ முடிவில் துரை பட்டியலோடு வந்து சரிபார்ப்பார், ஒன்று குறைகிறதே என்று கேட்பார். உள்ளே ஆள் இருந்தார் சார், அவர் பெயர் சீரங்கன், அது அவர் சட்டை மாட்டிய முளை என்று சொல்லப்போகிறேன்.