அண்ணன் கோலி நின்ற நாள்

விளக்கெண்ணெய் தடவிய தோல் பந்தின் வாடை அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டுச் சோற்றில்கூட அடித்தது. ஒரகடத்துக்கு மேற்கே, ஏரியை ஒட்டிய பொட்டலில் மாலையெல்லாம் ஆடிவிட்டு வரும் என் அண்ணன் ஏழுமலை, அந்தப் பந்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார்.

ஊர்க் கால்பந்து அணியில் அவர் ஆடாத இடமில்லை. ஒரு வாரம் 'பேக்', மறுவாரம் 'ஹாஃப்', யாருக்காவது அம்மை போட்டால் 'விங்' என்று எந்த ஓட்டை விழுந்தாலும் அவரைத்தான் வைத்து அடைப்பார்கள். ஆனால் முன்வரிசையில் விட்டால்தான் அவர் ஆட்டம் ஆட்டம். "பந்து சோறு போடுமாடா?" என்று அப்பா தினமும் கேட்பார், கேட்டுவிட்டு, ஆட்டம் பார்க்க முதல் ஆளாய்ப் போய் நிற்பார்.

அந்த வருஷம் பந்து சோறு போடும் போலத்தான் இருந்தது. பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றின் அதிகாரிகள், தங்கள் அணிக்கு இரண்டு 'ஃபார்வர்ட்' எடுத்து வேலையும் தருவதாகச் சொல்லி வாலாஜாபாத் ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள். கேப்டன் அண்ணனை முன்வரிசையில் போட்டிருந்தார். பந்தாடப் போகிறவரின் சட்டைக்கு அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தாள் என்றால் பாருங்கள்! கோல் காக்கும் 'கோலி' கோதண்டம் மட்டும் வந்து சேரவில்லை.

"கோலிக்கு இன்னாடா பண்றது?" என்று கேப்டன் கையைப் பிசைந்தபோது, கோட்டோரம் அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்திருந்த எட்டு வயது நான், பெருமை தாங்காமல் கத்தினேன்: "எங்க அண்ணன் நிக்கும்! அது எங்க போட்டாலும் நிக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. "ஆமா ஏழுமல, நீயே நில்லுடா. வேற யாரு கீறாங்க?"

அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கம்பத்தை நோக்கி நடந்தார்.

அன்று எங்கள் ஊர் மூன்று கோல் போட்டது. அண்ணன் பக்கம் பந்து இரண்டே தரம் வந்தது, இரண்டையும் பிடித்தார். மற்ற நேரமெல்லாம் இடுப்பில் கைவைத்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரிகளும் அந்தப் பக்கமே பார்த்தார்கள், வேறு இரண்டு பேரை எழுதிக்கொண்டு போனார்கள். பந்து சோறு போடுமா என்று அப்பா அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அண்ணனும் அந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, திட்டியிருந்தால் தேவலை.

இன்று அந்த ஏரியோரப் பொட்டலில் லாரித் தொழிற்சாலை வந்து, புது லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அறுபது வயது அண்ணன் அங்கேயே ஒப்பந்தக் காவலாளி. அவருக்கென்று ஒரு கேட் கிடையாது. ஆள் வராத கேட்டுக்கு அனுப்புவார்கள். போன மாதம் சாப்பாடு எடுத்துப் போனபோது, எந்தக் கேட் என்று தெரியாமல் சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"ஏழுமலையா? அவர எங்க போட்டாலும் நிப்பாரும்மா" என்றார் அந்தப் பிள்ளை, பாராட்டாகத்தான்.

அதை முதலில் கத்திச் சொன்னவள் நான்.