புளோயரில் ஒட்டிய களிமண்

இன்றைய நாட்குறிப்பில் ஒரே வரி எழுதியிருக்கிறேன்: ‘பேத்தியின் விளையாட்டுக் களிமண், அப்பாவின் ஷெட் வாசனை.’

குரோம்பேட்டை ஷெட்டில் அப்பா, காற்றை ஊதித் தள்ளும் புளோயர் விசிறிகள் அதிராமல் சுற்றும்படி பேலன்சிங் பார்த்தார். மெஷினில் சுற்றவிட்டு, எடை குறைந்த பக்கத்தில் எண்ணெய் விட்டுப் பிசைந்த களிமண்ணை அப்புவார். அதிர்வு நின்றதும் அந்தக் களிமண்ணை எடுத்து எடைபோட்டு, அதே எடைக்கு இரும்புத் துண்டை வெல்டிங் வைப்பார்.

ஒரு மாலை வெல்டிங்குக்கு முன்பே கரண்ட் போய்விட்டது. பல்லாவரம் தோல் கம்பெனியில் புளோயர் ஓட்டிய மணி, விசிறியை வாங்கிப்போகக் காத்திருந்தார்.

“அண்ணா, மொதலாளி பேஜார் பண்ணிகினு கீறாரு. அப்டியே குடு.”

“களிமண்ணுடா. சூட்டுல இளகி விழுந்துட்டா விசிறி அதிர ஆரம்பிச்சிடும்.”

“ஒரு ஷிப்டு தாங்காதா? உன் கைராசிக்கு ஒரு வருசம் ஓடும்ணா.”

அப்பா சிரித்துவிட்டார். கொடுத்தும் விட்டார்.

மறுநாள் விசிறி உடைந்து, அதன் இறக்கை மணியின் நெஞ்சில் பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போனது. பழைய பேரிங்தான் உடைந்தது என்றது கம்பெனி. அப்பா நம்பவில்லை. அதன்பின் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி கழுவ எழுந்து போவார்.

பேத்தி ஓர் உருண்டையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். களிமண் இளகியதா, பேரிங் உடைந்ததா? அங்கே வேலை செய்தவர்களை விசாரித்தும் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.