பிறந்த வீட்டுக் கோடி

செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரத்தில் காலை ஏழு மணிக்கு எல்லா ஜன்னல்களிலும் படுக்கை தொங்குகிறது. தலையணை, விரிப்பு, பெர்ஷினா என்று இவர்கள் சொல்லும் தடித்த இறகுப் போர்வை, எல்லாம் ஜன்னல் விளிம்பில் கிடந்து காற்று வாங்கும். வெளியே பனி கொட்டினாலும் சரி, படுக்கையை உதறிக் காயப்போடாமல் இங்கே எந்தப் பெண்ணும் வேலைக்குக் கிளம்புவதில்லை. மேற்படிப்புக்காக வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று விடுதிக் காப்பாளர் அம்மா கேட்டார். எங்கள் ஊரில் இப்படிக் காயப்போட்டால் யாரோ படுக்கையில் மூத்திரம் போய்விட்டார்கள் என்று அர்த்தம் என்று விளக்கினேன். அந்த அம்மா பரிவோடு தலையாட்டிவிட்டு, மறுநாள் என் மெத்தைமேல் ஒரு ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

மதுரை கோச்சடையில் எங்கள் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். என் அப்பத்தா லுட்மிலா இந்த நாட்டுக்காரி. தாத்தாவை மில் முதலாளி இயந்திரம் பழக இங்கே அனுப்பியபோது அவர் பழகிக்கொண்டு வந்தது இயந்திரம் மட்டுமல்ல. உலகப் போருக்கு முன்பு கப்பலேறி வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. மதுரை வெயிலில் இலவம்பஞ்சு மெத்தையைத் தினமும் ஜன்னலில் போட்டாள். தெருவில் போகிறவர்கள் என்னைப் பார்த்து, "இன்னுமா நிக்கல?" என்று விசாரிப்பார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவமானத்தில் அழுதால் அப்பத்தா, "அவுக வீட்டு மெத்தைதான் நாறும், நம்மது நாறாது" என்பாள். அவள் பேசியது மதுரைத் தமிழ்தான். ரகரம் மட்டும் தொண்டைக்குள் கொஞ்சம் உருண்டு வரும்.

அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டதால் என்னை வளர்த்தது அவள்தான். மில் வெல்டர் தகர டிரம்மில் செய்து கொடுத்த அடுப்பில் கசகசா வைத்த ரொட்டி சுடுவாள். வெள்ளரிப்பிஞ்சை ஜாடியில் ஊறப்போட சதகுப்பை வேண்டும். நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும், "யாருக்குப் பிள்ளை பெறந்திருக்கு?" என்று கேட்பார், ஏனென்றால் அதைப் பிள்ளை பெற்றவளுக்குத்தான் கொடுப்பார்கள். அப்பத்தா சளைக்காமல், "வெள்ளரிக்காய்க்கு" என்று பதில் சொல்வாள். எங்களோடு அவள் பேசிய செக் மொழி, ஐம்பது வருடத்துக்கு முந்தைய பட்டிக்காட்டு மொழி. இங்கே நான் வாயைத் திறந்தால் கல்லூரிப் பெண்கள், "எந்தக் கிழவியிடம் படித்தாய்?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆமாம், ஒரு கிழவியிடம்தான்.

இனி சின்னத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தாவின் தம்பி, கீழக்குயில்குடியில் விவசாயம். நான் இதை மன்னிப்புக்காக எழுதவில்லை. வாசிக்கிற யாராவது அந்த ஊருக்குப் போய், உங்களைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறாள் என்று அவரிடம் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். தாத்தாவுக்கென்று பேசி வைத்திருந்த முறைப்பெண்ணை, தாத்தா வெள்ளைக்காரியோடு வந்து இறங்கியதால், சின்னத் தாத்தாவுக்குக் கட்டி வைத்தார்கள். அண்ணன் வேண்டாம் என்றதைக் கட்டிக்கொண்டவன் என்ற பேச்சு அவருக்கு ஆயுசுக்கும் ஆறவில்லை. அண்ணன்மேல் காட்ட முடியாத கோபத்தை அப்பத்தாமேல் காட்டினார். விசேஷ வீடுகளில் அவள் முப்பத்தைந்து வருடமும் கடைசி வரிசையில்தான் நின்றாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சின்னத் தாத்தாவின் மனைவி இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் எந்த வயதில் செத்தாலும் அவளுடைய பிறந்த வீட்டார் புதுத்துணி எடுத்துத் தட்டில் வைத்து, கொட்டு முழக்கத்தோடு வந்து போர்த்த வேண்டும். அதற்குப் பிறந்த வீட்டுக் கோடி என்று பெயர். அது வந்த பிறகுதான் தூக்குவார்கள். அன்றைக்கு வெகு நேரம் காத்திருந்த பிறகுதான் கோடி வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "எனக்கு யாரு கொண்டுவருவா?" என்று கேட்டுவிட்டாள். மனைவியைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த மனிதர் அந்த நேரத்திலும், "ஒங்களுக்குக் கப்பல்லதான் வரணும் மதினி" என்றார். எழவு வீடு சிரித்தது.

அப்பத்தா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, இந்த நாட்டிலிருந்த தன் தங்கைக்குக் கடிதம் எழுதினாள். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் வெள்ளை லினன் துணி, ஓரமெல்லாம் சிவப்பு நூலில் தங்கை கையாலேயே போட்ட பூவேலை. அடுத்த விசேஷத்துக்கு அதைக் கையோடு கொண்டுபோய்ச் சின்னத் தாத்தாவிடமே விரித்துக் காட்டினாள். "கப்பல்ல வந்துருச்சு கொழுந்தனாரே." அவர் துணியைத் தடவிப் பார்த்து, "நல்லாருக்கு மதினி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். துணி வந்தால் போதாது, கொண்டுவர ஆள் வர வேண்டும் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. அப்பத்தா பாச்சை உருண்டை போட்டுத் துணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் தந்தாள்.

நாலு வருடம் கழித்து அவள் போனாள். தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். கோச்சடை வீட்டு முற்றத்தில் குளிப்பாட்டிக் கிடத்தியாயிற்று. பந்தலடியில் எழுந்து நின்ற சின்னத் தாத்தா ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். "பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா?"

நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து துணியைக் கொண்டுவந்தேன். "இந்தா இருக்கு தாத்தா. அவுக தங்கச்சி அனுப்புனது. நீங்ககூடப் பாத்தீகளே."

"பெட்டியில கெடக்குறத எடுத்துப் போட்டாக் கோடியா? ஆளு வரணும், கொட்டோட வரணும். இவளுக்கு யாரு இருக்கா? அநாதப் பொணம். நேரமாகுது, தூக்குங்கப்பா."

என் கையிலிருந்த துணியைத் தட்டிவிட்டார். கீழே விழுந்ததைத் தூக்க வந்தவர்கள் மிதித்துக்கொண்டு போனார்கள். அப்பா வாயே திறக்கவில்லை. சித்தப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். முப்பத்தைந்து வருடம் அந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு சாவுக்கும் போய் மாரடித்தவளை அநாதை என்று சொல்லி அனுப்பினார்கள். எல்லோரும் போன பிறகு சின்னத் தாத்தாவின் ஒரே மகள் செல்லம் அத்தை அந்தத் துணியை எடுத்து மண்ணைத் தட்டி, மடித்து என் மடியில் வைத்தாள். "எங்கப்பாவ மனசுல வச்சுக்காதடி" என்றாள். வைத்துக்கொண்டேன். அத்தை சொன்னதைக் கேட்கிற வயதில் நான் இல்லை.

ஐந்தாறு வருடத்தில் என் முறை வந்தது. செல்லம் அத்தை காமாலையில் இறந்துபோனாள். எங்கள் வகையறாவில் பெற்ற அப்பன் மகளுக்குக் கோடி போடக் கூடாது, அண்ணன் தம்பிதான் கொண்டுவர வேண்டும். அத்தைக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பெரியப்பா மகனான என் அப்பாதான் அண்ணன் முறை. அப்பாவோ பக்கவாதத்தில் பேச்சில்லாமல் கிடந்தார். ஆக, அவருக்குப் பதிலாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவள் நான். காலையில் ஆள் வந்து சொன்னது. நான் கிளம்பவில்லை. மத்தியானம் சின்னத் தாத்தாவே வந்து நின்றார். மகளைக் கிடத்தி வைத்திருக்கிற மனிதர், எழுபது வயதுக்கு மேல், செருப்பில்லாமல், டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"ஆத்தா, செல்லத்தப் போட்டு வச்சுருக்கு. வெயிலு ஏறிருச்சு. கோடி எடுத்துக்கிட்டு வாத்தா."

"கோடிக்கு நான் எங்க போவேன் தாத்தா? பெட்டியில கெடக்குறதெல்லாம் கோடி இல்லைன்னு நீங்கதான சொன்னீக?"

உள்ளே கட்டிலில் கிடந்த அப்பாவின் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. போ என்றாரா, போகாதே என்றாரா, எனக்குத் தெரியாது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னத் தாத்தா, "சரித்தா" என்றார். வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கோடி இல்லாமலே தூக்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

அடுத்த வருடம் அப்பா போனார். சின்னத் தாத்தா வரவில்லை. அதன் பிறகுதான் உதவித்தொகை கிடைத்து இங்கே வந்தேன். போன நவம்பரில், இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் நாளில், அப்பத்தாவின் கிராமத்துக்குப் போனேன். அந்தத் தங்கை, அனெஷ்கா பாட்டி, இன்னும் இருக்கிறார். என் பேச்சைக் கேட்டதும் அக்காவே பேசுகிற மாதிரி இருக்கிறது என்று அழுதார். பிறகு கையைப் பிடித்துக் கல்லறைக்குக் கூட்டிப்போனார். இங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு கல். உயிரோடிருப்பவர்கள் பெயரையும் முன்கூட்டியே வெட்டி வைப்பார்கள். அவர்கள் கல்லில் அம்மா, அப்பா பெயருக்குக் கீழே லுட்மிலா என்று இருந்தது. பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, அப்புறம் வெற்றிடம். கடல் தாண்டிப் போனவளுக்காக இத்தனை வருடம் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

"அக்கா போனது எந்த வருடம் என்று சொல், கல்தச்சரிடம் சொல்ல வேண்டும்" என்றார் பாட்டி. சொன்னேன். "நான் அனுப்பிய துணி வந்து சேர்ந்ததா? அதற்கப்புறம் அக்காவிடமிருந்து கடிதமே இல்லை" என்றார் பாட்டி.

"சேர்ந்தது."

"அதைப் போர்த்தித்தானே அனுப்பினீர்கள்?"

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தக் கல்லைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் கொதித்தது. அநாதையாம். கீழக்குயில்குடியிலிருந்து அந்த மனிதரைத் துண்டைப் பிடித்து இழுத்துவந்து அந்தக் கல் முன்னால் நிறுத்த வேண்டும் போலிருந்தது. முடியாதே. போட்டோ எடுத்தேன். பின்பக்கம், "அநாதைப் பிணத்தின் பிறந்த வீடு இதுதான்" என்று எழுதி அவருக்கு அனுப்பினேன். அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து ஒரு மாதம் சந்தோஷப்பட்டேன்.

போன வாரம் பதில் வந்தது. எழுதத் தெரியாதவர், யாரையோ வைத்து எழுதியிருக்கிறார். "போட்டோ வந்துச்சு. மதினி பேரு இருக்குன்னு வாசிச்சுச் சொன்னாக. நான் செஞ்சது பாவம்தான். செல்லம் ஒனக்கு என்னத்தா செஞ்சா?" வேறு எதுவும் இல்லை. பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். திட்டுவதற்கு எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் வந்தது. கேட்டதற்குப் பதில் மட்டும் வரவில்லை.

நேற்று மறுபடி கிராமத்துக்குப் போயிருந்தேன். அப்பத்தா பெயருக்குப் பக்கத்தில் வருடத்தை வெட்டி முடித்திருந்தார்கள். வெட்டு புதிதாக, வெள்ளையாக இருந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அனெஷ்கா பாட்டிக்குத் தன் கணவர் வீட்டுக் கல்லில் இடமுண்டாம். "இது உனக்கு. நீயும் எங்கள் பிள்ளைதானே" என்று சொல்லி, கல்தச்சர் கொடுத்த தாளை என் முன்னால் வைத்தார். பெயரையும் பிறந்த வருடத்தையும் எழுதினேன். பிறந்த ஊர் என்ற இடத்தில் கோச்சடை, மதுரை என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். பாட்டி அந்த வரியைப் பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டார்.

"உன்னை எங்களுக்கு விட்டுக்கொடுப்பார்களா? அங்கே யாரும் உன்னைக் கேட்டு வரமாட்டார்களா?"

"கேட்டு வர அங்கே யாரும் இல்லை" என்றேன்.

பாட்டிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் ஒரு சிக்கலும் இல்லை" என்று என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்து, தாளை எடுத்துப் பத்திரமாக மடித்துக்கொண்டார்.