ஏழாம் தொட்டிக்கு வருத்தம்

ரதிதேவி அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் எழுதுகிறேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பென்ரோஸ் பகுதியில் லாரிகள் நிற்கும் சந்து ஒன்றில் எங்கள் தவளைப் பண்ணை இருந்தது. பண்ணை என்றதும் பச்சைப் பசேல் என்று எதையும் நினைக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட பழைய கிடங்கு, உள்ளே இருபது கண்ணாடித் தொட்டிகள். பச்சை உடம்பில் பொன்னிறத் திட்டுகள் உள்ள தவளைகளை வளர்த்து, செல்லப்பிராணிக் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் விற்போம். முதலாளி ரங்கநாதன் திருச்சிக்காரர். "நம்ம கம்பெனில எல்லாம் தமிழ்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். அலுவலகத்தில் ஆர்டர் எடுக்கிற கண்மணி நான், மதுரைக்காரி. தொட்டிகள் முழுக்க அக்காவின் பொறுப்பு.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். விலங்கியல் படித்து, அங்கே மீன்வள ஆய்வுகூடத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். ஆக்லாந்து அவர் கையில் கொடுத்தது வாளியும் பிரஷ்ஷும். அவருடைய வேலை விசா எங்கள் கம்பெனியின் பெயரில் இருந்தது. முதுகெலும்பு தேய்ந்து மவுண்ட் வெல்லிங்டன் வீட்டில் படுத்திருக்கும் கணவர் இராசரத்தினத்தின் விசாவும், பள்ளிக்கூடம் போகும் மகள் பிரணவியின் விசாவும் அக்காவுடையதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. அக்காவுக்கு வேலை போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

வாளியைப் பிடித்தாலும் அக்கா ஆய்வுகூடத்துக்காரராகவே இருந்தார். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை, காம்பில் தனி நிறத் துணி. நான் ஒருமுறை வலையை மாற்றி எடுத்துவிட்டேன். "ஒண்டின்ரை வலையை மற்றதுக்குள்ளை விட்டீரெண்டால் கையை முறிச்சுப்போடுவன்" என்றார். ஆனால் தவளைகளிடம் குழைவார். "ஏனடா சாப்பிடேல்லை? ஆரோடை கோவம்?" என்று அவர் தொட்டிக்குள் குனிந்து கேட்பதைப் பார்த்து நானும் முதலாளி சாரும் கேலி செய்வோம்.

பிப்ரவரியில் பள்ளிகள் திறந்ததும் ஆர்டர்கள் குவிந்தன. பதினைந்து தவளை இருக்க வேண்டிய தொட்டியில் சார் முப்பதைத் திணித்தார். தண்ணீர் மாற்றுவதையும் தள்ளிப்போடச் சொன்னார். அக்கா சண்டை போட்டுப் பார்த்தார். யார் கேட்டது?

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா ஈரக் கையுறையோடு என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, ஏழாம் தொட்டியிலை கிடக்கிறதுகளுக்கு வருத்தம். ஒருத்தரும் கை வைக்க வேண்டாமெண்டு சேரிட்டைச் சொல்லும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதே சிரிப்போடு போய்ச் சொன்னேன். "சார், ஏழாவது தொட்டித் தவளைங்களுக்கு வருத்தமாம். யாரும் தொடக் கூடாதாம்."

"ஏனாம், லவ் ஃபெயிலியரா?" என்றார் சார். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் அக்கா, "சேரிட்டைச் சொன்னனீரோ?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்கா."

அக்கா நிம்மதியாகத் தொட்டிப் பக்கம் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை இராசரத்தினம் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி, ரதிக்கு வருத்தம். காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது. இண்டைக்கு வேலைக்கு வரமாட்டா."

போனை வைத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. வருத்தம் என்றால் அவர்களுக்கு நோய். அட பாவி, இதைத்தானே அக்கா படித்துப் படித்துச் சொன்னார்! கிடங்குக்குள் ஓடினேன்.

புதிதாக வருகிற தவளைகளுக்கு இடம் வேண்டுமென்று சார் ஏழாம் தொட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார். கையில் ஒரே வலை. அள்ளி அள்ளி மற்ற தொட்டிகளில் விட்டுக்கொண்டிருந்தார். வலையில் கிடந்த தவளையின் தொடைகள் தோல் உரித்ததுபோல் சிவந்திருந்தன.

"என்ன கண்மணி?" என்றார் எரிச்சலோடு.

என் விசாவும் அவர் கையில்தான் இருந்தது. சொன்னால் அந்தச் சிரிப்புக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்ல சார்."

ஒண்ணுமில்லையாம்! என் நாக்கு அப்போதே அழுகி விழுந்திருக்கலாம்.

அக்கா காய்ச்சல் தேறி வருவதற்குள் எல்லாத் தொட்டிகளிலும் பரவிவிட்டது. பத்தே நாளில் பாதிக்கு மேல் செத்தன. தொடையும் வயிறும் சிவந்து, தோலுக்கடியில் ரத்தம் கசிந்து, கால்களை விரித்தபடி மிதந்தன. கால்நடை மருத்துவர் வந்து, சிவந்த கால் நோய் என்றார். தண்ணீரில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாதானாம். நெரிசலிலும் அழுக்கிலும் சோர்ந்துபோன தவளைக்குள் புகுந்துகொள்ளுமாம். முதலில் சிவந்தவற்றைத் தனியே வைத்து மருந்து கொடுத்திருந்தால் மற்றவை பிழைத்திருக்கும் என்றார்.

சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இவ்வளவு படிச்சவங்க, நோய்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அக்காவின் மேல் பாய்ந்தார்.

"நான் அண்டைக்கே சொன்னனான் சேர். கண்மணியிட்டைக் கேட்டுப் பாருங்கோ."

அக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. நான் உண்மையைச் சொல்வேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

"வருத்தம்னுதான் சொன்னாங்க சார்" என்றேன். "நோய்னு சொல்லல."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் கேவலம். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சார் சொன்னதும், அக்கா கையுறைகளைக் கழற்றி, கழுவி, எப்போதும் மாட்டும் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். என் விசாவைச் சார் மறு மாதமே புதுப்பித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள் பக்குரங்கா பிளாசா கடைத்தொகுதியில் அக்காவைப் பார்த்தேன். பெரிய சூட்கேஸ் ஒன்றின் சக்கரத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிரணவி அழுது வீங்கிய கண்களோடு நின்றாள். அக்காவுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. வருகிற வியாழக்கிழமை மூன்று பேரும் கொழும்புக்குப் போகிறார்கள் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன்.

கிட்டே போனேன். "அக்கா, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குக்கா."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். பிள்ளை என்று கூப்பிடவில்லை.

"வருத்தமெண்டால் மருந்தெடுங்கோ" என்றார். சூட்கேஸைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.