பொடி குடித்த ஏழு மாதங்கள்

முதல் அறிகுறி மிகச் சாதாரணமானது. ராயக்கோட்டை மண்டிக் கழிப்பறையில், எனக்குப் பின்னால் வந்தவர்கள் போய்த் திரும்பிய பிறகும் நான் நின்றுகொண்டிருப்பேன். சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அது மூன்று வருடங்களுக்கு முன்பு. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, தக்காளி வியாபாரி.

மனைவி மும்தாஜ் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அந்த இடத்தையெல்லாம் டாக்டர் தொட்டுப் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கூச்சம். போகாமலிருக்க ஒரு சாக்கு தேவைப்பட்டது. ஓசூரில் பொடி விற்ற கடைக்காரர் அதைக் கொடுத்தார்.

காய்ந்த தக்காளி, மஞ்சள், மாதுளைத் தோல், திராட்சைக் கொட்டை. "தனித்தனியா தின்னா பிரயோசனமில்லீங்க பாய். ஒண்ணாச் சேந்தாத்தான் வேலை செய்யும். புத்துநோய் கிட்டவே வராது."

நான் விற்கும் பழத்துக்கு இவ்வளவு சக்தியா என்று பெருமையாகக்கூட இருந்தது. ஏழு மாதம் குடித்தேன். இடுப்பு வலித்தபோது, "கெட்டது இறங்குது" என்றார். நம்பினேன்.

ஒருநாள் சிறுநீர் அடியோடு நின்றது. கிருஷ்ணகிரியில் குழாய் போட்டு, பெங்களூருக்கு அனுப்பினார்கள். புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சிறு சுரப்பி) புற்று. முதுகெலும்புவரை பரவியிருந்தது.

மும்தாஜ் பொடியை எடுத்து டாக்டரிடம் காட்டினாள்.

"இந்த மாதிரி சத்துங்களைச் சேத்துச் சாப்பிட்டா நோய் வராம தடுக்க உதவுமான்னு ஆராய்ஞ்சுட்டு இருக்காங்கம்மா. உதவலாம். ஆனா வந்த நோயை இது கரைக்காது. அப்பவே வந்திருந்தா வேற வழி இருந்திருக்கும்" என்றார்.

நடைக்கூடத்தில் மும்தாஜ் வெடித்தாள். "ஒருத்தர் பாக்கறதுக்குக் கூச்சப்பட்டீங்களே, இப்ப எத்தனை பேர் பாக்கறாங்க?"

விரைகளை எடுத்தார்கள் (அவை சுரக்கும் ஹார்மோன்தான் இந்தப் புற்றுக்குத் தீனி). சில வாரங்களில் வலி குறைந்தது. நடக்க முடிந்ததும் அந்தக் கடைக்குத்தான் போனேன்.

"நம்பிக்கையாக் குடிச்சிருக்க மாட்டீங்க பாய்" என்றார் கடைக்காரர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் ஒருவர் அதே பொட்டலத்துடன் நின்றார். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளிக்காரர்.

"ஒண்ணுக்குப் போக கஷ்டமா?" என்று கேட்டேன். தலைகுனிந்தார்.

என் உடம்பிலிருந்து எதை வெட்டி எடுத்தார்கள் என்பதை அந்தக் கடையில் நின்று உரக்கச் சொன்னேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். அன்றே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அவருக்கு இருந்தது புற்றில்லாத வீக்கம்தான், வைத்தியத்தில் சரியானது.

கடை இன்னும் நடக்கிறது. என் கோபமும்தான்.

தக்காளியும் மஞ்சளும் இன்றும் சாப்பிடுகிறேன், சாப்பாடாக. உங்களுக்கு இந்தத் தொந்தரவு இருந்தால் நீங்களும் சாப்பிடுங்கள். ஆனால் முதலில் டாக்டரிடம் போங்கள்.

அந்த ஹார்மோன் நின்றுபோனதால் இப்போதெல்லாம் திடீரென்று மார்பிலிருந்து முகம்வரை வெக்கை ஏறுகிறது. மாதவிடாய் நின்ற காலத்தில் மும்தாஜ் இதையே சொன்னபோது, காற்றாடியைப் போட்டுக்கொள் என்று திரும்பிப் படுத்தவன் நான். அவளோ எழுந்து வந்து ஈரத்துணியால் என் கழுத்தைத் துடைக்கிறாள்.

புற்று அடங்கியிருக்கிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. முடிவு நன்றாக இருந்தால் அடுத்த மூன்று மாதம் என்னுடையது. அதற்கு மேல் எதையும் நான் யோசிப்பதில்லை.