மாமியின் பூட்டியைத் தேடிய கோடை

எனக்கு ஒன்பது வயதான கோடையின் சனிக்கிழமைகளையெல்லாம் விழுங்கியவள், முந்நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். அவளைத் தேடிக்கொண்டிருந்தவர் மாமி. என் அம்மாவின் தம்பி கட்டிய கியூபெக் பிரெஞ்சுக்காரி. தன் முன்னோர் எல்லோரும் பிரெஞ்சுக்காரர் என்றே நம்பியிருந்தவருக்கு, பூட்டியின் பூட்டிக்கும் பூட்டி முறையான ஒருத்தி அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றத்தில் பிறந்தவள் என்று தெரியவந்தது. அந்நாளைய ஆங்கில-பிரெஞ்சுச் சண்டைக்காலத்தில் சிறுபிள்ளையாகப் பிடிபட்டு, நாங்கள் இருக்கும் இதே மொன்றியலுக்கு வந்து சேர்ந்தவளாம்.

அதன்பிறகு எங்களுக்கு நிம்மதி இல்லை. அம்மாவுக்குச் சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையில் வேலை. ஆகவே நான் மாமியோடு. மற்றப் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கும்மாளமடிக்க, நான் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்ய் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் நுளம்புக்கடியோடு நின்றேன். மாமா சலிக்காமல் கார் ஓட்டினார். தன்னுடைய பூட்டியின் பெயரே தெரியாதவனுக்கு இது என்ன வேலை என்று அம்மா புறுபுறுத்தார்.

ஆகஸ்டில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மப்பா வந்தார். மாமாவின் கல்யாணத்துக்கு வர மறுத்தவர். மகனைக் கையோடு ஊருக்குக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா குசினியில் சமைத்தபடி மெல்லச் சொன்னார்.

முதல்நாள் சாப்பாட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அலுப்புத் தாங்காமல் நான் பூட்டியின் கதையைச் சொன்னேன். வளர்ந்து, ஆங்கிலம் மறந்து, இங்கேயே ஒருவனைக் கட்டியதையும், தகப்பன் அவ்வளவு தூரம் தேடி வந்து கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றதையும்.

அம்மப்பா நிமிர்ந்தார்.

"அந்தப் பிள்ளையின்ர தேப்பன் பேந்தும் வந்தவரோ?"

அவர் பிறகும் வந்தாரா என்று நான் மாமியிடம் பிரெஞ்சில் கேட்டேன். அவர் மாமாவை ஒருதரம் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்.

"ஓம், வந்தவராம்," என்றேன் அம்மப்பாவிடம். "ஒவ்வொரு முறையும் தனியத்தான் திரும்பிப் போனவராம்."

அம்மப்பா சோற்றைப் பிசைந்தபடி, அந்தப் பெண்ணை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டார். அதைத்தான் இன்னும் தேடுகிறோம் என்றார் மாமா.

அடுத்த சனிக்கிழமை அம்மப்பா வேட்டிக்கு மேல் மாமாவின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஒருவரும் கூப்பிடாமலே காரில் ஏறினார். பின்சீட்டில் நான் வழக்கமாக இருக்கும் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கல்லறை பார்க்கிற தொல்லை போதாதென்று இருந்த இடமும் பறிபோயிற்றே என்று, பாலம் தாண்டும்வரை நான் அவரோடு பேசவேயில்லை.